பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் தனிமைச் சிறை முறை ஏன் கைவிடப்பட்டது?

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் பார்த்துவிட்டுக் கண்டித்து எழுதினார், அதனால்தான் கைவிட்டார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. வருஷக் கணக்கே இடிக்கிறது. அவர் அங்கே போனது 1842-இல். முறையை அதிகாரபூர்வமாக விட்டது 1913-இல். உண்மையில் அதைக் கவிழ்த்தவை இரண்டு: குழாயும் கூட்டமும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிலடெல்பியாவின் பழைய நகரச் சிறை வால்நட் தெருவில் இருந்தது. திருடன், கடன்காரன், சிறுவன் எல்லாரையும் ஒன்றாகப் போட்டு அடைத்த இடம். சிறைச் சீர்திருத்தத்துக்காக 1787-இல் ஒரு சங்கம் உருவானது. மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதில் முக்கியமானவர். குற்றவாளியைத் தனியே விட்டால் தன் மனசாட்சியோடு பேசித் திருந்திவிடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. 1790-இல் வால்நட் தெருச் சிறை வளாகத்திலேயே 16 தனி அறைகள் கட்டிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் அது பயனற்றுப் போனது. அதன் பிறகுதான் பென்சில்வேனியா அரசு, ஊருக்கு வெளியே ஒரு செர்ரித் தோப்பில் பெரிதாகவே கட்டுவது என்று முடிவெடுத்தது.

கட்டடக் கலைஞர் ஜான் ஹாவிலண்ட். 1822-இல் வேலை தொடங்கி, 1829-இல் சிறை திறந்து, 1836-இல்தான் கட்டுமானம் முழுதாக முடிந்தது. செலவு ஏறக்குறைய 7,80,000 டாலர். அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. சுற்றிலும் 30 அடி மதில், நடுவில் வட்டக் கூடம், அதிலிருந்து ஆரக்கால்களாகப் பிரியும் ஏழு நீண்ட கட்டடங்கள். கூடத்தில் நிற்கும் காவலருக்கு எல்லா நடைகூடங்களும் தெரியும்.

முதல் கட்டடத்தின் அறையைப் பார்த்தால் திட்டம் புரிந்துவிடும். சுமார் 8 அடி அகலம், 12 அடி நீளம், வளைந்த கூரை, அதில் வெளிச்சத்துக்கு ஒரே ஒரு கண்ணாடித் துவாரம். நடைகூடத்துப் பக்கம் கதவே கிடையாது, சாப்பாடு தள்ள ஒரு சிறு திறப்பு மட்டும். உள்ளே நுழையும் வழி பின்புறம், அந்த அறைக்கென்றே மதில் எழுப்பிய குட்டி முற்றம் வழியாக. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அங்கே நடக்கலாம். பக்கத்து அறைக்காரரை அதே நேரத்தில் விடமாட்டார்கள். வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடித் துணி. பெயர் கிடையாது, எண் மட்டும். உள்ளே செருப்புத் தைப்பது, நெய்வது போன்ற வேலை, படிக்க பைபிள். காலடிச் சத்தம் கேட்காமலிருக்கக் காவலர்கள் ஷூ மேல் காலுறை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். 25 அக்டோபர் 1829 அன்று முதலில் அடைக்கப்பட்டவர் சார்லஸ் வில்லியம்ஸ், வயது 18. திருடியது 20 டாலர் கடிகாரம், 3 டாலர் தங்க முத்திரை, ஒரு தங்கச் சாவி. தண்டனை இரண்டு வருஷம்.

சிக்கல் கட்டும்போதே ஆரம்பித்துவிட்டது. கதவில்லாத அறை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதனால் பிற்பாடு கட்டிய அறைகளுக்கு நடைகூடத்துப் பக்கம் இரும்புக் கதவும், சத்தத்தைத் தடுக்க அதன் மேல் கனமான மரக்கதவும் வைத்தார்கள். நான்காவது கட்டடத்திலிருந்து ஆட்கள் கொள்ளாமல் மாடி எழுப்ப வேண்டியதாயிற்று. மாடி அறைக்கு முற்றம் ஏது?

அடுத்தது குழாய். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்றால் கழிப்பறையும் அறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். வெள்ளை மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே இங்கே ஒவ்வொரு கைதிக்கும் கழிப்பறை இருந்தது, தண்ணீரைத் திறந்துவிடும் பொறுப்பு மட்டும் காவலரிடம். ஆனால் எல்லா அறைகளையும் இணைத்து ஓடும் குழாய் குரலையும் கடத்தும். கைதிகள் தட்டினார்கள், அதன் வழியாகவே பேசினார்கள். மௌனத்துக்காகப் போட்ட குழாய் பேச்சுக்கு உதவியது.

பேசினால் தண்டனை. வாயில் இரும்புக் கடிவாளம் மாட்டும் தண்டனையில் 1833-இல் மத்தியாஸ் மக்கம்சி என்ற கைதி இறந்து, அரசு விசாரணை வரை போனது. அதற்குப் பிறகும் முறை நீடித்தது. உலகெங்கும் இந்த வடிவத்தைப் பார்த்துக் கட்டினார்கள். லண்டனின் பென்டன்வில் சிறை ஒன்று. ஏழு சிறகுகளும் நடுக்கோபுரமுமாக 1906-இல் முடிந்த நம் அந்தமான் செல்லுலார் சிறையும் இதே தனிமைக் கொள்கையின் வாரிசுதான். அங்கே ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தே நிற்கும்.

கடைசியில் கூட்டம். 250 பேருக்கென்று நினைத்த இடத்தில் ஆரங்களுக்கு நடுவிலும் கட்டடங்களைத் திணித்தார்கள். ஓர் அறையில் இரண்டு பேரைப் போட்ட நாளிலேயே தனிமை முறை செத்துவிட்டது. 1913 அறிவிப்பு வெறும் காகிதச் சடங்கு என்பது என் கருத்து.

பிறகு அது சாதாரணச் சிறையாகவே ஓடி, 1971-இல் மூடப்பட்டது. 1994-இலிருந்து தினசரி பார்வையாளர்களைச் சுற்றிப்பார்க்க விடுகிறார்கள். பழுதுபார்த்துப் புதுசாக்காமல், மேற்கொண்டு இடியாதபடி மட்டும் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். சிகாகோவின் பிரபல தாதா அல் கபோன் 1929-30-இல் இருந்த அறைக்கு முன்னால் எப்போதும் கும்பல் இருக்கும். அதைவிட ஏழாவது கட்டடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மாதா கோயில் மாதிரி உயர்ந்த இரண்டடுக்கு நடைகூடம். 1945-இல் வங்கிக் கொள்ளையர் வில்லி சட்டன் உட்பட 12 பேர் தப்பிய சுரங்கம் அங்கேதான் தொடங்கியது. ஏறக்குறைய 100 அடி நீளம், உள்ளே மின்விளக்கு வேறு. சட்டன் சில நிமிஷங்களிலேயே பிடிபட்டார்.