ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சென்னையில் முனைவர் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு முதுமுனைவர் ஆய்வுக்காக வந்தேன். முதலில் உதவித்தொகையில் இருந்தேன்; கடந்த 20 மாதங்களாகப் பல்கலைக்கழகப் பணியில், புளூ கார்டுடன் (உயர்கல்வித் தகுதியுள்ள பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வசிப்பு அனுமதி) இருக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) தேர்ச்சி பெற்றுவிட்டேன். என் ஒப்பந்தம் இன்னும் 10 மாதங்களில் முடிகிறது. ஐந்து ஆண்டுகள் ஆகாமல் நிரந்தர வசிப்புரிமை கிடைக்காது என்று சிலர் சொல்கிறார்கள். புதிய ஒப்பந்தம் கையில் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுகிறேன். சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டிரெஸ்டன்

பதில்: தயவுசெய்து காத்திருக்காதீர்கள், சகோதரி. ஐந்து ஆண்டுகள் என்பது பொது விதி. புளூ கார்டில் பணிபுரிபவர்களுக்கு ஜெர்மனியின் வசிப்புச் சட்டம் 18சி பிரிவில் தனி வழி வைத்திருக்கிறது: புளூ கார்டுக்குரிய பணியில் 27 மாதங்கள் இருந்து, அக்காலத்திற்கு ஓய்வூதியக் காப்பீட்டுத் தொகையும் செலுத்தியிருந்தால், ஏ1 (தொடக்க நிலை) அளவு ஜெர்மன் மொழி அறிவே போதும்; பி1 இருந்தால் 21 மாதங்களே போதும். உதவித்தொகையில் கழிந்த காலம் பணியாகக் கருதப்படாததால் இந்தக் கணக்கில் சேராது. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு மாதம்தான் மீதம். விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் நாளில் 21 மாதங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேர்காணலுக்கான நாளை இப்போதே கேட்டு வைப்பதில் தவறில்லை; பல நகரங்களில் அந்த நாள் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிறது.

புதிய ஒப்பந்தம் வரட்டும் என்ற உங்கள் எண்ணத்தைத்தான் நான் முக்கியமாக மறுக்க விரும்புகிறேன். நிரந்தரப் பணி இருந்தால்தான் நிரந்தர வசிப்புரிமை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாழ்வாதாரம் உறுதியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, வருங்காலத்தில் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்தை வைத்தே மதிப்பிடுவார். பத்து மாதங்கள் மீதமுள்ள ஒப்பந்தத்திற்கும் இரண்டு மாதங்கள் மீதமுள்ள ஒப்பந்தத்திற்கும் அங்கே பெரிய வேறுபாடு உண்டு. ஜெர்மனியின் உயர்கல்வித் துறையில் முனைவர் பட்டத்திற்கு முன் ஆறு ஆண்டுகள், அதன்பின் ஆறு ஆண்டுகள் வரை தற்காலிக ஒப்பந்தங்களில் பணியமர்த்தச் சட்டம் இடம் தருவதால், ஆய்வாளர்களின் வாழ்க்கையே ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்திற்குத் தாவுவதாக இருக்கிறது. புளூ கார்டும் அதே கயிற்றில்தான் கட்டப்பட்டுள்ளது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால், ஒப்பந்தக் காலத்துடன் மூன்று மாதங்கள் மட்டுமே சேர்த்துத் தரப்படும். அந்தக் கயிற்றை அறுத்துத் தருவது நிரந்தர வசிப்புரிமை. அது கைக்கு வந்த பிறகு, அடுத்த வேலையை அவசரமில்லாமல் தேடலாம்.

ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்திடமிருந்து உங்கள் பங்களிப்பு வரலாற்றை முதலில் கேட்டுப் பெறுங்கள். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, பி1 சான்றிதழ் ஆகியவை கையில் இருக்கட்டும். நாட்டின் சட்டம், சமுதாயம் பற்றிய 33 கேள்விகள் கொண்ட தேர்வையும் எழுதிவிடுவது நல்லது. அதில் 17 சரியாக இருந்தால், பின்னாளில் குடியுரிமை கேட்கும்போதும் அதே சான்றிதழ் பயன்படும். வசிப்புரிமை விண்ணப்பத்திற்கான கட்டணம், பொதுவாக 113 யூரோ.

வெளிநாட்டினர் அலுவலகம் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கொடுத்ததற்கான எழுத்துச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தக்க காரணமின்றி மூன்று மாதங்களாகியும் முடிவு வராதபோது நிர்வாக நீதிமன்றத்தை அணுகவும் சட்டம் வழி தருகிறது. இதற்கிடையே புளூ கார்டு காலாவதியாகும் நிலை வந்தால், அதற்கு முன்பே நீட்டிப்புக்கும் தனியாக விண்ணப்பித்துவிடுங்கள். உரிய காலத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி முடிவு வரும்வரை செல்லுபடியாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் இழக்கப்படும்.  ஆனாலும் ஊரில் பெற்றோருக்கு உடல்நலமில்லை என்றால் அந்த எல்லைக்குள் போய் உடனிருந்துவிட்டு வரலாம் என்ற நிம்மதியை நான் சிறிதாக எண்ணவில்லை.

கேள்வி: நான் கோட்டிங்கனில் உதவித்தொகையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எனக்கு இந்த வழி உண்டா?
— வாசகர், கோட்டிங்கன்

பதில்: இப்போது இல்லை, ஆனால் பட்டம் பெற்றுத் தகுதிக்கேற்ற பணியில் சேர்ந்த பிறகு வேறொரு வழி உண்டு. திறன்மிகு பணியாளராகவோ ஆராய்ச்சியாளராகவோ அனுமதி பெற்று மூன்று ஆண்டுகளும், 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும், பி1 தேர்ச்சியும் அதற்கு வேண்டும். ஜெர்மனியில் படிப்பை முடித்தவருக்கு அவை இரண்டு ஆண்டுகளாகவும் 24 மாதங்களாகவும் குறையும். உங்கள் கையிலுள்ளது ஆராய்ச்சியாளர் அனுமதியா, மாணவர் அனுமதியா என்று பாருங்கள். மாணவர் அனுமதியில் கழியும் காலம் இதில் சேராது. உதவித்தொகையிலிருந்து ஓய்வூதியத்திற்குப் பிடித்தம் இல்லாவிட்டாலும், மாதந்தோறும் தாமாகச் செலுத்தும் பங்களிப்பையும் சட்டம் ஏற்கிறது. ஓராண்டுக்குரிய தொகையை மறு ஆண்டு மார்ச் 31-க்குள் செலுத்திவிட வேண்டும்.