மியூசியத்துக்கு வருபவர்களை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகச் செய்ய முடியுமா?

கேள்வி: அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள்களை அல்ல, அங்கே வரும் மனிதர்களை ஆராயும் துறை ஒன்று இருக்கிறதாமே. அதில் ஒரு ஆய்வாளர் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்?

பதில்:

முடியும். ஜான் ஃபால்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார். அவர் வந்த வழியைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். நான் திருநெல்வேலிப் பக்கம் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளை அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போவது பற்றி ஏதாவது உருப்படியாக எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோதுதான் அவருடைய கட்டுரைகள் கிடைத்தன. அன்றிலிருந்து விடாமல் படித்து வருகிறேன்.

ஃபால்க் தொடங்கியது அருங்காட்சியகத்தில் இல்லை, புல்தரையில். பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியலையும் கல்வியியலையும் சேர்த்து ஆய்வுப் பட்டம் பெற்றவர் அவர். 1976இல் ‘எக்காலஜி’ என்ற ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, புறநகர் வீடுகளின் முன்னால் இருக்கும் சாதாரணப் புல்தரையைப் பற்றியது. அதற்குள் எவ்வளவு ஆற்றல் போகிறது, அதிலிருந்து எவ்வளவு விளைகிறது, வெட்டவும் உரம் போடவும் மனிதன் எவ்வளவு செலவழிக்கிறான் என்று கணக்குப் போட்டிருப்பார். ஓர் உயிரை அது வாழும் இடத்திலிருந்து பிரித்து எடுத்தால் புரிந்துகொள்ள முடியாது என்பது சூழலியலின் அரிச்சுவடி. பிற்பாடு மனிதர்களையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வேலை. மேரிலாந்தில் செசபீக் விரிகுடாவை ஒட்டி அந்த நிறுவனத்துக்கு ஒரு சூழலியல் மையம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினால் என்ன ஆகிறது என்று இரண்டு சகாக்களோடு சேர்ந்து ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காடு பழகிய பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நன்றாகக் கற்றார்கள். காடு பழகாத பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் சரியாக ஏறவில்லை. அவர்களுடைய கவனம் முழுக்கப் புதிய இடத்தைப் பழகிக்கொள்வதில் போய்விட்டது. அவர்களும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆசிரியர் நினைத்ததை அல்ல, அவ்வளவுதான்.

அதை அடுத்து 1980இல் வாஷிங்டனின் தேசிய உயிரியல் பூங்காவில் நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பூங்காவுக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு வெவ்வேறு விதமான முன்னேற்பாட்டு வகுப்புகள் நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு விலங்குகளைப் பற்றிய பாடம். இன்னொரு குழுவுக்கு, எப்படிப் போகப்போகிறோம், என்னென்ன பார்ப்போம், சாப்பாடு எப்போது, கடையில் என்ன வாங்கலாம் என்ற தகவல்கள். திரும்பி வந்தபின் சோதித்தால் இந்த இரண்டாம் குழுதான் முன்னால் நின்றது, விலங்குகளைப் பற்றிய அறிவிலும் கூட. சாப்பாடு எப்போது என்ற கவலை தீர்ந்தால்தான் பிள்ளைக்குப் புலியைப் பார்க்க மனம் வரும். நான் இப்போது பயணத்துக்கு முந்தைய நாள் பாடம் எதுவும் நடத்துவதில்லை. வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு, கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் ஃபால்க் என்று எண்ணிவிட வேண்டாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் கில்மன் 1916இலேயே ‘அருங்காட்சியகச் சோர்வு’ பற்றி எழுதினார். நல்ல கண்பார்வையுள்ள ஒருவரைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பார்க்கச் சொல்லி, அவர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார். 1928இல் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன், வருபவர்களுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து, எந்த ஓவியத்தின் முன் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று அளந்தார். அவருடன் சேர்ந்து வேலை செய்த ஆர்தர் மெல்டன், கூடத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்பதையும், வெளியேறும் வாசல் கண்ணில் பட்டால் மீதிப் பொருள்கள் கவனம் இழக்கின்றன என்பதையும் 1930களில் காட்டினார். எல்லாமே கால்களையும் கண்களையும் பற்றிய அறிவு.

ஃபால்க்கும் முதலில் அதே வழியில்தான் போனார். 1985இல் சகாக்களோடு சேர்ந்து, ஃபுளோரிடாவில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வருபவர்களைக் கவனித்து எழுதினார். முதல் அரை மணி நேரம் போலக் காட்சிகளின் மேல் கவனம் நன்றாக இருக்கிறது. அதன்பின் மேய்வதுபோல் ஒரு பார்வை, எதிலாவது மட்டும் நின்று போவது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இவர் இன்று ஏன் வந்தார், யாரோடு வந்தார், வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று கேட்கத் தொடங்கினார். அந்தத் திருப்பம்தான் அவரைப் பெரிய ஆய்வாளராக்கியது. லின் டியர்கிங் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1992இல் எழுதிய நூலில், ஒருவரின் சொந்த மனம், கூட இருக்கும் மனிதர்கள், அந்த இடம் ஆகிய மூன்றும் கலந்ததுதான் அருங்காட்சியக அனுபவம் என்றார்கள். பள்ளிப் பயணங்களைப் பற்றி 128 பேரிடம், சிறுவர் முதல் பெரியவர் வரை, பேட்டி எடுத்து 1997இல் வெளியிட்டார்கள். அவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஆரம்பப் பள்ளி நாட்களின் ஒரு பயணமாவது நினைவில் இருந்தது. ஒரு வாரத்தில் தேர்வு வைத்து, கற்றார்களா இல்லையா என்று முடிவு கட்டும் என் போன்ற ஆசிரியர்கள் அந்தக் கட்டுரையை அவசியம் படிக்க வேண்டும்.

அவருடைய முறைகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ரத்தினங்கள், கனிமங்கள் இருக்கும் கூடத்தில் செய்தது, 1998இல் வெளியானது. உள்ளே போகும் முன் ஒரு தாளின் நடுவில் ‘ரத்தினங்களும் கனிமங்களும்’ என்று எழுதிக் கொடுத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் சுற்றி எழுதச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அதே தாள், வேறு நிற மை. சரி தவறு பார்க்கும் தேர்வு அல்ல. ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று அதில் தெரிந்தது. பொழுதுபோக்கத்தான் வந்தேன் என்றவர்களும் நிறையக் கற்றிருந்தார்கள்.

இன்னொன்று லாஸ் ஏஞ்சலிஸில். அங்கே கலிஃபோர்னியா அறிவியல் மையம் 1998இல் புதிய கட்டடத்தில் திறந்தது. உடல் தன் வெப்பம் போன்ற உள்நிலைகளைத் தானே சமநிலையில் வைத்துக்கொள்வதை விளக்க ‘டெஸ்’ என்ற ராட்சதப் பொம்மை ஒன்று அங்கே இருந்தது. பொதுமக்களில் மிகச் சிலருக்கே தெரிந்த அந்தக் கருத்தை ஃபால்க் ஓர் அடையாளக் குறியாக எடுத்துக்கொண்டார். பத்தாண்டு இடைவெளியில் நகரத்து மக்களிடம் தொலைபேசியில் கேட்டபோது, அதை அறிந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. மீனுக்குக் குறி போட்டு ஆற்றில் விட்டுப் பிறகு எங்கே அகப்படுகிறது என்று பார்க்கும் சூழலியலாளரின் வேலைதான் இது.

2009இல் வந்த நூலில், வருபவர்களை அன்றைய தேவையை வைத்து ஐந்தாகப் பிரித்தார்: ஆர்வத்தில் தேடி வருபவர், பிள்ளைக்காகவோ நண்பருக்காகவோ வருபவர், தொழிலாகவோ ஈடுபாடாகவோ அந்தத் துறையில் இருப்பவர், பார்த்தாக வேண்டிய இடம் என்று வருபவர், மன அமைதிக்காக வருபவர். ஒரே ஆள் திங்களன்று ஒன்றாகவும் ஞாயிறன்று இன்னொன்றாகவும் இருக்கலாம். உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் இதை எடுத்துக்கொண்டன. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எமிலி டாசன், எரிக் ஜென்சன் என்ற ஆய்வாளர்கள் 2011இல், வருபவர்களின் சமூகப் பின்னணியை இது ஒதுக்கிவிடுகிறது என்று கடுமையாக விமர்சித்தார்கள். சாதி, வர்க்கம் போன்றவை மனிதனைப் பிறப்பிலிருந்து சுற்றி நிற்கும் நம் ஊரிலிருந்து பார்த்தால், தேவையை மட்டும் வைத்துப் பிரிப்பது போதாது என்பது உடனே புரியும். லண்டனில் வருமானம் குறைந்த சிறுபான்மைச் சமூகத்தினரோடு பழகி, அவர்கள் ஏன் அறிவியல் அருங்காட்சியகங்களுக்கு வருவதில்லை, வந்தாலும் ஏன் ஒட்டவில்லை என்று டாசன் எழுதியவற்றையும் படியுங்கள். வராதவர்களை யார் எண்ணுவது என்பது இந்தத் துறையின் அடுத்த பெரிய கேள்வி.

பிழைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபால்க் 1986இல் தானே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார், பின்னால் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அமெரிக்காவில் அறிவியல் கண்காட்சிகளுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும்போது மதிப்பீடும் கேட்கும். அதனால் அங்கே இந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் படிப்பு இருக்கிறது. இந்தியாவில் வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் படிக்கலாம். உளவியல், சமூகவியல், கல்வியியல், புள்ளியியல் எதிலிருந்தும் உள்ளே வர வழி உண்டு.

படிப்பில் சேரும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு கூடத்தில் ஒரு மூலையில் நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்காருங்கள். யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். கூடத்தின் வரைபடம் வரைந்து அவர்கள் நடந்த வழியைக் கோடாகப் போடுங்கள். அரை நாள் முடிந்தபின்னும் இன்னொரு குடும்பம் வருமா என்று உங்கள் கண் வாசலைத் தேடினால், தாராளமாகச் சேருங்கள்.