வாசகர் கேள்வி–பதில்: பரணில் கிடந்த பதக்கம் யாருடையது?

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். விளிம்பில் ஆங்கில எழுத்துகள். பாட்டியின் அப்பா பட்டாளத்துக்காரர் என்பார்கள். ஆனால் விளிம்பில் உள்ள பெயர் அவருடையதாகத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, ஆரணி)

பதில்: உங்களிடம் இருப்பது முதல் உலகப் போருக்குப் பின் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். குறுக்களவு 36 மி.மீ. முதலில் ஒன்று: துலக்காதீர்கள். புளி, விபூதி, பிராசோ எதுவும் வேண்டாம். விளிம்பு எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. வருடா வருடம் துலக்கியே பெயர் அழிந்துபோன பதக்கங்கள் நிறைய.

இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விளிம்பு முழுவதையும் படமெடுங்கள். தேய்ந்த இடத்தில் மெல்லிய தாளை ஒட்டிப் பிடித்து மென்மையான பென்சிலால் லேசாக உரசினால் சில எழுத்துகள் மேலே வரும். வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்றிருந்தால் அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ஸாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் ஆள். ‘73 கார்நாடிக்’, ‘83 வாலாஜாபாத்’, ‘61 பயனீயர்ஸ்’ போன்றவையும் சென்னை மாகாணப் படைகளே. 1922-ல் படைகளைத் திருத்தியமைத்தபோது இந்தப் பெயர்கள் மாறின. அதனால் தேடும்போது போர்க்காலப் பெயரைக் கொண்டே தேடுங்கள். இதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அநேகமாக லேபர் கோர் போன்ற தொழிலாளர் பிரிவில் போனவர்.

பெயரை மட்டும் துரத்துபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ராமசாமி மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். தகப்பன் பெயர் விளிம்பில் இருக்காது. வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பட்டாளத்தில் கொடுத்த பெயர் வேறு என்பதும் உண்டு. எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் அகப்படுவார். எண்ணை மட்டும் நம்பவும் முடியாது, அன்று ஒவ்வொரு படைப்பிரிவும் தனியாக எண் போட்டது.

பெயர் பொருந்தவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், பலர் இதை யோசிப்பதில்லை. இது வெள்ளி. அடகுக்கு வந்து மீட்கப்படாமல் தங்கிய பதக்கம் அந்நியர் வீட்டுப் பெட்டியில் இருப்பதில் வியப்பில்லை. ஆகவே பாட்டியின் தாய்மாமன்கள், மைத்துனர்கள், மாப்பிள்ளை வீட்டார் என்று கிளைகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் 1914-ல் என்ன வயது என்று போட்டுப் பாருங்கள். 1910-ல் பிறந்தவர் தானாக விலகிவிடுவார். உறவினரிடம் ‘பட்டாளத்தில் இருந்தாரா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பென்ஷன் எந்தத் தபால் ஆபீசில் வந்தது, டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த பணிப் பதிவு) யாரிடம் இருக்கிறது, சர்க்கார் நிலம் ஒப்படை கிடைத்ததா என்று கேளுங்கள். தெருவில் ‘பட்டாளத்தார் வீடு’ எது என்பதும் ஒரு தடயம்.

அவர் போரில் இறந்திருந்தால் வேலை எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் ‘இந்தியப் படை’ என்று வடிகட்டி, எண்ணைப் போடுங்கள். ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டு முன்பெயரைக் காலியாக விடுங்கள். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். அங்கே ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அதற்குள் அடக்கம். உயிரோடு திரும்பியவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஸாப்பர்ஸ் என்றால் பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும் எழுதலாம். ஆனால் பென்ஷன் இல்லாமல் விலகியவரின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். லாகூரில் கிடைத்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவை பஞ்சாப் ஆட்களுக்கானவை, நமக்கு உதவாது.

கேள்வி: ஆறு முனை நட்சத்திரப் பதக்கங்கள் இரண்டும், வட்டப் பதக்கங்கள் இரண்டும் உள்ளன. நட்சத்திரங்களில் பெயரே இல்லை. (வாசகர், திருச்சி)

பதில்: இவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பின்புறம் பெயர் பொறித்தவையும் உண்டு, வெறுமையானவையும் ஏராளம். எந்த நட்சத்திரம் என்பதிலிருந்து களம் தெரியும். ‘பர்மா ஸ்டார்’ 11.12.1941 முதல் 2.9.1945 வரை, ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’ 10.6.1940 முதல் 12.5.1943 வரையிலான பணிக்கு. வட்டத்தில் இந்திய வரைபடம் இருந்தால் ‘இந்தியா சர்வீஸ் மெடல்’, களம் காணாமல் 3 ஆண்டு பணியாற்றியதற்கு.

பெயர் தேட வேண்டிய இடம் வேறு. காவி, வெள்ளை, பச்சை ரிப்பனில் 1947 சுதந்திரப் பதக்கம் உங்கள் தொகுதியில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். அதில் பெயர் பொறிப்பது வழக்கம். பதக்கங்களை அட்டையோடு சேர்த்து இறுக்கித் தைத்திருந்தால் விளிம்பு தெரியாது. தையலைப் பிரிக்கும் முன் வரிசையைப் படமெடுங்கள். ஒன்றாகத் தொங்குவதால் ஒருவருடையவை என்று முடிவு கட்டாதீர்கள்; பழைய சாமான் கடைகளில் சேர்த்துத் தைத்து விற்பதுண்டு. தொப்பி பேட்ஜ், பித்தான், புகைப்படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை ஆகியவையும் சேர்ந்து பேச வேண்டும்.

கேள்வி: பெரிய வெண்கலத் தட்டு ஒன்று. சிங்கமும், கையில் மாலை ஏந்திய பெண்ணும். பெயர் மட்டும் இருக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதல் உலகப் போரில் இறந்தவரின் உறவினருக்குக் கொடுத்த நினைவுத் தட்டு. சுமார் 12 செ.மீ. வேண்டுமென்றே பதவியும் எண்ணும் போடவில்லை, எல்லோரும் சமம் என்பதற்காக. ஆகவே அந்தப் பெயரில் இறந்தவர்களை எல்லாம் பட்டியலிட்டு, படைப்பிரிவு, ஊர் என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். பல ஊர்களில் ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று கல்வெட்டு இருக்கிறது. அதில் பெயர் பெரும்பாலும் இராது, எண்ணிக்கை மட்டும். ஆனாலும் அந்த ஊரில் தேடலாமா என்பதற்கு அது போதும்.

கேள்வி: சந்தையில் வாங்கிய பதக்கத்தை உரியவர் குடும்பத்திடம் கொடுக்க ஆசை. (வாசகர், கோவை)

பதில்: ஊர் தெரிந்ததும் கிராம நிர்வாக அலுவலர், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போங்கள். விளிம்பு எண்ணை வெளியில் சொல்லாதீர்கள். உரிமை கோருபவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தையோ பென்ஷன் தாளையோ காட்டி அந்த எண்ணைத் தாமே சொல்லட்டும். வாரிசுகள் பலர் இருந்தால் எல்லோரையும் அறியவைத்த பிறகே கொடுங்கள். குறுக்களவை வெர்னியர் காலிப்பரால் அளந்தும் பாருங்கள். பிரிட்டிஷ் வார் மெடலில் பழைய பெயரை அராவிவிட்டுப் புதிது பொறித்திருந்தால் அது 36 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும். நூறாண்டு கடந்தது என்றால் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், எனவே வெளிநாட்டு உறவினருக்குப் பார்சல் போடும் முன் விசாரியுங்கள்.