36 நாள் யாருக்கு?

கேள்வி: ஜவுளிக்கடையில் நான்கு வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். கடையில் மொத்தம் ஆறே பேர். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். 'சம்பளத்தோட லீவு எல்லாம் கவர்மெண்ட் வேலைக்குத்தான்' என்கிறார் முதலாளி. உண்மையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் முதலாளி தலைகீழாகச் சொல்கிறார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 அரசு அலுவலகங்களுக்குத்தான் பொருந்தாது. அவர் கடைக்குப் பொருந்தும்.

25-ஆம் பிரிவு சொல்வது இது: ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். உடம்புக்கு முடியாமல் போனால் 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இவை இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. ஆக 36. வார விடுமுறையும், 1958-ஆம் வருடச் சட்டப்படியான 9 தேசிய, பண்டிகை விடுமுறைகளும் தனி. ஆறு பேரா, அறுபது பேரா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை.

ஒரு நாளுக்கு இரண்டு நாள் பிடிப்பதும் செல்லாது. வராத நாளுக்கு உரியதை மட்டுமே பிடிக்கலாம்.

எனக்கு உறுத்துவது 4-ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், அலைவதே வேலையாக உள்ளவர், ஆர்டர் பிடிப்பவர் ஆகியோருக்கு இந்தச் சட்டம் இல்லை. முதலாளியின் குடும்பத்தாரும் ஊழியர் கணக்கில் வர மாட்டார்கள். கடைக்குள் நிற்கும் உங்களுக்கு 36 நாள். அதே கடைக்காக வெயிலில் பைக்கில் சுற்றுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் பூஜ்யம். 2021-இல் ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று திருத்தினார்கள் (நல்ல திருத்தம்தான், நின்று நின்று கால் வீங்கியவர்களுக்குத் தெரியும்). அப்போதும் அலைகிறவர்களின் நினைப்பு வரவில்லை போலும்!

லீவு கேட்டதும் 'இனி நீதாம்மா மேனேஜர்' என்று பட்டம் கட்டினால் மயங்கிவிடாதீர்கள். ஒருவருக்குச் சட்டம் பொருந்துமா என்ற தகராறைத் தீர்ப்பவர் தொழிலாளர் ஆணையர், முதலாளி அல்ல.

லீவை எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட வருட விடுமுறையை மறுத்து, அது கிடைக்காமலே நீங்கள் வேலையை விட்டால், அந்த நாட்களுக்கான பணத்தை அவர் எண்ணி வைத்தாக வேண்டும்.