முக்கோணக் குறி இருந்தால் போதுமா? மறுசுழற்சி: கேள்வி-பதில்

தண்ணீர் பாட்டிலைப் போடும்போது மூடியைக் கழற்றிவிட வேண்டுமா?

வேண்டாம். அலசி, நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகியே போடுங்கள். ஆலையில் துண்டாக்கித் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் பாட்டிலின் பிளாஸ்டிக்கான பெட் (PET) மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும், தானாகப் பிரிந்துவிடும். தனியாகப் போட்ட மூடிதான் சல்லடையில் நழுவிக் குப்பைக்குப் போகிறது.

டப்பாவின் அடியில் முக்கோணமும் எண்ணும் இருக்கின்றன. ஆனாலும் எடுக்க மறுக்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது! அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, அவ்வளவுதான். 'இதை மறுசுழற்சி செய்யலாம்' என்ற உத்தரவாதம் அதில் இல்லை. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறி அது. சுற்றும் அம்புகள் மக்களைக் குழப்புகின்றன என்று 2013-ல் தரநிலையைத் திருத்தி வெறும் முக்கோணமாக்கினார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நடைமுறையில் 1, 2 எண் பாட்டில்களுக்குத்தான் நிலையான கிராக்கி. 5-க்கு ஓரளவு. 3, 6, 7 பெரும்பாலும் வீண். எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல: ஊதி வார்த்த பாட்டிலும் அச்சில் அழுத்தி வார்த்த டப்பாவும் உருகியபின் வேறு வேறு விதமாக ஓடும். கறுப்புத் தட்டுகளோ, பல ஆலைகளில் வகை பிரிக்கும் கருவியின் கண்ணுக்கே தெரியாது. அகச்சிவப்பு ஒளியைக் கரிநிறமி விழுங்கிவிடுகிறது.

'போட்டு வைப்போம், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்' என்று எல்லாவற்றையும் திணிப்பவர்கள்தான் உண்மையான தொல்லை. பெட் (1-ம் எண்) உருகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு வெகு முன்பே பி.வி.சி. (3-ம் எண்) சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். பெட் பழுப்பேறி நொறுங்கும். ஒரு டன்னில் நூறு கிராம் பி.வி.சி. கலந்தாலே சரக்கின் தரம் கெடும். கலக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் குப்பையிலேயே போடுங்கள்.

உடைந்த ஓவன் கிண்ணம், பீங்கான் கோப்பை இவற்றை பாட்டில் கண்ணாடியோடு சேர்க்கலாமா?

கூடாது. ஓவன் கிண்ணம் பெரும்பாலும் போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி. பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் அது சரியாகக் கரையாது. பீங்கான் உருகவே உருகாது. புது பாட்டிலின் சுவரில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும், பிறகு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். இங்கும் அதேதான்: கலக்காதீர்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சோப்பு செய்தேன். பிசுபிசுவென்றே இருக்கிறது. ஏன்?

என்ன எண்ணெய், காஸ்டிக் எத்தனை கிராம், எத்தனை நாள் ஆயிற்று? ஒன்றையும் எழுதாமல் 'ஏன்' என்றால் எப்படி? தோராயமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ சூரியகாந்தி எண்ணெய்க்கு காஸ்டிக் சோடா 128 கிராம், தண்ணீர் 300 கிராம். தேங்காய் எண்ணெய் என்றால் காஸ்டிக் 175 கிராம் வரை போகும். எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய அளவையே வைத்திருந்தால் பிசுபிசுக்கத்தான் செய்யும். மூடி சரியில்லாத டப்பாவில் கிடந்த காஸ்டிக் ஈரம் இழுத்து வலுவிழந்திருக்கும், அதுவும் காரணமாகலாம். கப்பில் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டுங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்: காஸ்டிக் அதை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரைசல் ஆறியபின் எண்ணெயில் ஊற்றி, கரண்டியால் இழுத்தால் மேலே கோடு நிற்கும் பதம் வரை கலக்கி, அச்சில் ஊற்றுங்கள். நான்கு வாரம் காயட்டும். அளவு தெரியாமல் செய்த உங்கள் சோப்பை உடம்பில் தேய்க்காதீர்கள்.

கடை ரசீதுகளைப் பழைய காகிதத்தில் சேர்க்கலாமா?

நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். பல ரசீதுகளில் பிஸ்பினால் என்ற வேதிப்பொருளின் பூச்சு இருக்கும். குப்பைக்கு.

'மக்கும்' என்று அச்சிட்ட கப் எட்டு மாதமாக உரத்தொட்டியில் அப்படியே கிடக்கிறதே?

கிடக்கத்தான் செய்யும். அது பி.எல்.ஏ.வாக (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) இருந்தால், 60 டிகிரிக்கு அருகில் வாரக்கணக்கில் நிற்கும் தொழிற்சாலைக் குவியல் வேண்டும்; வீட்டுத் தொட்டி அந்தச் சூட்டைத் தாங்கி நிற்பதில்லை. அதற்காகப் பெட் பாட்டில்களோடு தள்ளிவிடாதீர்கள். பெட்டைப் போலவே தண்ணீரில் மூழ்குவதால் தொட்டியில் பிரியாது, துகளை உலர்த்தும் சூட்டிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும்.

பூச்சிமருந்து கேனை நன்றாகக் கழுவிக் குடிதண்ணீர் பிடித்து வைக்கலாமா?

ஒருபோதும் கூடாது. பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அடியில் ஓட்டை போட்டு ஒப்படையுங்கள்.

சரக்கு அடுக்கி அனுப்பும் மரப் பலகைகளை (பேலட்) பிரித்து அலமாரி செய்ய ஆசை. எதைப் பார்த்து எடுப்பது?

முத்திரையைப் பார்த்து. 'எச்.டி.' (HT) என்றால் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றிய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெதில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரை இல்லாததும் எண்ணெய்க் கறை படிந்ததும் அப்படித்தான்.

வீங்கிப்போன போன் பேட்டரியை எந்தத் தொட்டியில் போட?

எதிலும் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். குத்தாமல், அழுத்தாமல், முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய உலோக டப்பாவில் மூடியை இறுக்காமல் வைத்து, பேட்டரி வாங்கும் மையத்தில் கையில் கொடுங்கள். மற்ற பேட்டரிகளோடு கலக்காதீர்கள்.