சின்ன ஃப்ளாட்டுல சோப் காய வைக்க எந்த ரேக் வாங்கலாம்?

கேள்வி: வேளச்சேரில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் சேர்த்து கோல்ட் ப்ராசஸ் சோப் (அடுப்புல காய்ச்சாம, எண்ணெயில காஸ்டிக் சோடா கரைசல் கலந்து செய்றது) செய்றேன், ஒரு பேட்ச்சுக்கு 40 சோப் வரும். டைனிங் டேபிள்ல நியூஸ்பேப்பர் விரிச்சு காய வைக்கிறேன், இப்போ உக்காந்து சாப்பிட இடமில்ல. வீட்டுக்காரர் பழைய இரும்பு ஷூ ரேக்கை எடுத்துக்கன்றார், நான் ஆன்லைன்ல ஒரு அலுமினிய ரேக் பாத்து வெச்சிருக்கேன். மூணு வயசு பையன் இருக்கான். எது சரி? மெல்ட் அண்ட் போர் சோப்பையும் (ரெடிமேட் சோப் கட்டியை உருக்கி அச்சுல ஊத்துறது) அதுலயே வெக்கலாமா?

பதில்: முதல்ல அந்த அலுமினிய ரேக்கை கார்ட்டுல இருந்து தூக்கிடுங்க. காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் சேர்ந்தா ஹைட்ரஜன் கேஸ் வரும், அதனாலதான் லை கரைசலை, அதாவது காஸ்டிக் சோடாவை தண்ணில கரைச்சதை, அலுமினிய பாத்திரத்துல கலக்கவே கூடாதுன்றோம். வெட்டி எடுத்த சோப்புல லை பெரும்பாலும் எண்ணெயோட சேர்ந்து முடிஞ்சிருக்கும்தான், ஆனா சோப்பே காரத்தன்மை உள்ளது, பிஹெச் 9, 10 இருக்கும், கூடவே ஈரமும் இருக்கு, அதனால அலுமினியம் கருத்துப் போகும், அந்த கருப்பு சோப் அடியில ஒட்டிக்கும். ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற ஜிஐ வலை (துத்தநாகம் பூசின இரும்பு வலை), கோழிக்கூண்டு வலை இதுக்கும் அதே கதைதான், மேல இருக்கிற துத்தநாகப் பூச்சை காரம் அரிக்கும்.

அடுத்து இரும்பு ஷூ ரேக். பவுடர் கோட்டிங் முழுசா இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல, ஆனா பழைய ரேக்குல கம்பி சேர்ற மூலையில விரலை வெச்சு தடவிப் பாருங்க, பெயிண்ட் உரிஞ்சிருந்தா துரு கையில வரும். துரு கறை மட்டும்னா சீவி எடுத்துடலாம், விஷயம் அது இல்ல. இரும்பும் செம்பும் எண்ணெய் கெட்டுப் போறதை வேகப்படுத்தும், நாள் போகப் போக சோப் மேல ஆரஞ்சு கலர் புள்ளி வந்து சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கலாம். தேங்கா எண்ணெய் சீக்கிரம் கெடாது, நல்லெண்ணெய் அப்படி இல்ல, அதனால உங்க ரெசிபிக்கு இந்த ரிஸ்க் கொஞ்சம் அதிகம். ஷூ வாடை வேற, சோப் அதை நல்லாவே இழுத்துக்கும்.

அப்போ எதுதான் வாங்குறது? என் ஓட்டு, காய்கறி வைக்கிற பிளாஸ்டிக் அடுக்கு ரேக்குக்கு. அடியில பிபி-னோ (பாலிப்ரொப்பிலீன்ன்ற பிளாஸ்டிக்) முக்கோணத்துக்குள்ள 5-னோ போட்டிருக்கான்னு பாருங்க, காரம் அதை ஒண்ணும் பண்ணாது, துருவும் பிடிக்காது. தட்டு முழுக்க ஓட்டை இருக்கிறதா பாருங்க, மூடின தட்டு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் நல்லது, ஆனா 304 கிரேடா இருக்கணும், கடைக்காரர் காந்தத்தை வெச்சு ஒட்டலை பாருங்கன்னு காட்டினா மட்டும் நம்பிடாதீங்க, விலை கம்மியான 202 கிரேடு ஸ்டீலும் ஒட்டாது, நம்ம ஊர் கடல் காத்துக்கு அது சீக்கிரம் துரு விட்டுடும். பில்லுல 304-னு எழுதித் தரச் சொல்லுங்க. மரம், மூங்கில் எல்லாம் போட்டோவுல அழகா இருக்கும், ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில ஈரத்தை இழுத்து பூசணம் பிடிக்கும், சென்னைக்கு நான் சொல்ல மாட்டேன்.

இடம் மிச்சம் பண்ற வித்தை ரேக்குல பாதி, அடுக்குற விதத்துல பாதி. உங்க சோப் சுமார் 8 செ.மீ. நீளம், 5.5 அகலம், 2.5 கனம்னு வெச்சுக்கோங்க. படுக்க வைக்காம நீளப் பக்கம் கீழ இருக்கற மாதிரி நிக்க வெச்சு நடுவுல 2 செ.மீ. இடைவெளி விட்டா, ரெண்டடிக்கு ஒரு அடி தட்டு ஒண்ணுல 40-ம் உக்காந்துடும், படுக்க வெச்சா கிட்டத்தட்ட ரெண்டு தட்டு வேணும். நாலு பக்கமும் காத்து படறதால சீராவும் காயும். தட்டுக்கு தட்டு 12 செ.மீ. இருந்தாலே போதும். க்யூரிங், அதாவது வெட்டின சோப்பை காய வெச்சு பதப்படுத்துறது, நாலு முதல் ஆறு வாரம், வாரம் ஒரு பேட்ச் போட்டா ஆறு தட்டு, தட்டுக்கு ஒரு பேட்ச், வெட்டின தேதியை மாஸ்கிங் டேப்ல எழுதி ஓரத்துல ஒட்டிடுங்க. நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். ஓட்டை பெருசா இருந்தா நைலான் கொசுவலையை வெட்டிப் போடுங்க, பட்டர் பேப்பர் போட்டா கீழருந்து காத்து வராது.

ஒரு தட்டுக்கு நாலரை கிலோ, ஆறு தட்டுன்னா 27 கிலோ கிட்ட வரும். மூணு வயசு பையன் பிடிச்சு ஏறினா மொத்தமும் அவன் மேல சாயும், அதனால எல் கிளாம்ப் போட்டு சுவத்துல ட்ரில் பண்ணி மாட்டியே ஆகணும், வாடகை வீடா இருந்தா ஹவுஸ் ஓனர்கிட்ட பேசிட்டு செய்ங்க, சக்கரம் வெச்ச ரேக் பக்கமே போகாதீங்க. புது சோப் அவன் கைக்கு எட்டாத மேல் தட்டுல.

ரேக்கை ஹால்ல ஃபேன் காத்து வர்ற மூலையில, சுவத்தோட கிளாம்ப் போட்டாலும் நடுவுல ரெண்டு இன்ச் இடைவெளி விட்டு வைங்க, நேர் வெயில் வேண்டாம். கிச்சன்ல வெச்சா குக்கர் ஆவியும் தாளிப்பு வாடையும் ஏறும், லாஃப்ட்ல சூடு இருக்கும் காத்து இருக்காது. மழைக்காலத்துல சோப் மேல முத்து முத்தா வேர்க்கும், கெட்டுப் போகல, உள்ள இருக்கிற கிளிசரின் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குது, ராத்திரி ஏசியை ட்ரை மோட்ல ஓட விட்டா அடங்கிடும். பல்லி மேல ஓடும், கரப்பான் கடிக்கும், அதனால பழைய கொசுவலையை ரேக் மேல முழுசா போத்தி கீழ கிளிப் போட்டுடுங்க. லெமன்கிராஸ் சோப்பையும் வாசனை இல்லாத சோப்பையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

காஞ்சிடுச்சான்னு தெரிஞ்சுக்க கிச்சன் தராசே போதும், ஒரு சோப்பை மார்க் பண்ணி வாரம் ஒரு தடவை எடை போடுங்க, எடை குறையறது நின்னுட்டா தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்காக நாலு வாரத்துக்கு முன்னாடி எடுத்துடாதீங்க.

மெல்ட் அண்ட் போர் சோப்புக்கு க்யூரிங்கே தேவையில்ல, ரேக்ல திறந்து வெச்சா வேர்த்து பிசுபிசுன்னு ஆகிடும். மோல்டுல இருந்து எடுத்து ஆறினதும் கிளிங் ராப்ல சுத்தி டப்பாவுல போட்டுடுங்க.