நிறை சரி, வண்டி (வயிறு) மட்டும் பெரிது, பிரஷர் 148/94: பதில்

தம்பி, உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 66 கிலோ, கை கால் மெலிவு, வண்டி மட்டும் முன்னுக்கு. "குண்டில்லாத எனக்கு 148/94 எப்படி வரும், மெஷின் பிழையோ" என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷினில் பழி போட அவசரப்பட வேண்டாம்.

நிறையைவிட, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். தோலுக்குக் கீழே கையால் பிடிபடும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் இல்லை. குடல், ஈரல், சிறுநீரகத்தைச் சுற்றி உள்ளே படிவதுதான் பொல்லாதது. அது சிறுநீரகத்தை நெருக்கும். இரத்தக்குழாயைச் சுருக்கும் ஹோர்மோனைக் கூட்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போக, உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெற்காசியர்களான எங்களுக்கு நிறை கூடாமலே இது நடக்கலாம்.

காற்சட்டை அளவை நம்ப வேண்டாம், அது வண்டிக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளவுங்கள். எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம். உங்களுக்கு உயரத்தில் பாதி, 85க்குள் இருந்தால் நல்லது.

வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து வண்டி வற்றாது. பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் வேகமாக நடவுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது கஷ்டம்தான், ஆனாலும் தினமும் வேண்டாம். நாளுக்கு உப்பு மொத்தமாக 5 கிராமுக்குள் நிற்க வேண்டும்.

வேறு வேறு நாட்களில், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு பிரஷர் பாருங்கள். 140/90க்குக் கீழே இறங்காவிட்டால் டொக்டரிடம் போங்கள். நெஞ்சுவலியோ மூச்சுமுட்டலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.